பெற்றோரின் அமெரிக்க விசிட்டர் விசா: ஐ-94 தேதி தாண்டினால் என்னென்ன ஆகும்

விசிட்டர் விசாவில் வந்த பெற்றோர் குறித்த தேதிக்கு மேல் அமெரிக்காவில் தங்கிவிட்டால், திரும்பிப் போகும் நாளில் பெரும்பாலும் எதுவுமே நடக்காது. துபாயில் உள்ளதுபோல் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் கட்டச் சொல்ல மாட்டார்கள். வெளியேறும்போது குடியேற்றக் கவுன்ட்டரே கிடையாது. போர்டிங் பாஸைக் காட்டி விமானம் ஏறிவிடலாம். "ஒரு மாதம் கூடுதலாக இருந்தார்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்று நண்பர்கள் சொல்வது இந்த அனுபவத்தை வைத்துத்தான். ஓவர்ஸ்டேயின் விலை தெரியவருவது அடுத்த முறை, பேரனின் பிறந்தநாளுக்கோ மகளின் அடுத்த பிரசவத்துக்கோ அவர்கள் மீண்டும் கிளம்ப நினைக்கும்போது.

குழப்பம் எல்லாம் இரண்டு தேதிகளில் தொடங்குகிறது. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் பி1/பி2 விசாவில் பத்து வருடம் கழித்து வரும் ஒரு தேதி அச்சாகியிருக்கும். அந்தத் தேதிவரை எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து அமெரிக்க வாசலில் நின்று அனுமதி கேட்கலாம் என்பதே அதற்குப் பொருள். ஒவ்வொரு வருகையிலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவுசெய்பவர் விமான நிலையத்தில் இருக்கும் சிபிபி (சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) அதிகாரி. அவர் கணினியில் பதியும் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறும். சட்டம் பார்ப்பது அந்த ஒரு தேதியை மட்டும்தான். வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். அதற்குக் குறைவாகவும் தரலாம். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகப் போகிறது என்றால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவதும் உண்டு.

ஐ-94 இப்போது காகிதமாகக் கையில் தரப்படுவதில்லை. சிபிபியின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். வந்து இறங்கிய இரண்டொரு நாளில் இதைச் செய்துவிடுங்கள். ஆறாவது மாதத்தில் அல்ல. தமிழ்நாட்டுக்காரர்கள் இங்கே ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள். நம் பெரியவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். முழுப் பெயரும் கொடுக்கப்பட்ட பெயர் என்ற இடத்தில் இருக்கும். அமெரிக்க விசாவில் இது தலைகீழாகிவிடும். முழுப் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயரின் இடத்தில் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து அச்சாகியிருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. இணையதளத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி தேடி "பதிவு இல்லை" என்று வந்தால், விசாவில் உள்ளபடி எஃப்என்யூ போட்டுத் தேடிப் பாருங்கள்.

பதிவு கிடைத்ததும் அப்பாவுடையதையும் அம்மாவுடையதையும் தனித்தனியே பாருங்கள். ஒரே கவுன்ட்டரில் சேர்ந்து நின்றவர்களுக்குக்கூடத் தேதி வேறுபடலாம், விசா வகை தவறாக ஏறியிருக்கலாம். அப்படிப் பிழை இருந்தால் அருகிலுள்ள சிபிபியின் 'டெஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன்' அலுவலகத்தைத் தொடர்புகொண்டு திருத்தலாம். அமெரிக்கத் தேதியில் மாதம் முன்னால் வரும் என்பதும் நினைவிருக்கட்டும். 06/09 என்பது ஜூன் 9. அதைச் செப்டம்பர் 6 என்று படித்துவிட்டு நிம்மதியாக இருந்தால் மூன்று மாத ஓவர்ஸ்டே ஆகிவிடும்.

ஐ-94 செப்டம்பர் 9 என்றால், அன்றைக்குள் அமெரிக்காவை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இந்தியா பக்கம் போகும் பல விமானங்கள் இரவு நேரத்தில் கிளம்புபவை. "ஒன்பதாம் தேதி ராத்திரி ஃப்ளைட்" என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள்; டிக்கெட்டில் செப்டம்பர் 10, 00:40 என்று இருக்கும். நாற்பது நிமிடமானாலும் கணக்கில் அது ஒரு நாள் தாமதம். டல்லாஸிலிருந்து நியூயார்க் போய் அங்கே மாறுபவர்களுக்கும் இதே கதைதான்: டல்லாஸை விட்ட நேரம் செல்லாது, நியூயார்க்கை விட்ட நேரமே வெளியேறிய நேரம். கடைசி நாளுக்கு டிக்கெட் போடாமல் குறைந்தது ஒரு வாரம் முன்னதாகப் போடுவதே பிழைக்கத் தெரிந்தவர் வழி. விமானம் ரத்தானாலோ அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாலோ அந்த ஒரு வாரம் கைகொடுக்கும்.

பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை குத்துவதில்லை என்பதால் அரசுக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம். விமான நிறுவனங்கள் பயணிகள் பட்டியலை அனுப்பிவிடுகின்றன. அது ஐ-94 பதிவோடு பொருத்தப்படுகிறது. வந்த தேதியும் போன தேதியும் அதே இணையதளத்தின் பயண வரலாற்றுப் பக்கத்தில் உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள், 180 நாள், ஒரு வருடம்

சட்டத்தில் மூன்று படிகள் உண்டு.

முதல் படிக்கு ஒரே ஒரு நாள் போதும். குடியேற்றச் சட்டத்தின் 222(ஜி) பிரிவின்படி, ஐ-94 தேதியைத் தாண்டித் தங்கியவரின் விசா தானாகவே செல்லாததாகிவிடும். பாஸ்போர்ட்டில் இன்னும் எட்டு வருடம் மீதமிருந்தாலும் அது வெறும் ஸ்டிக்கர்தான். யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள். ரத்து முத்திரையும் குத்த மாட்டார்கள். இதுதான் ஆபத்து. விசா செல்லும் என்று நம்பி அடுத்த வருடம் டிக்கெட் எடுத்து வருபவர், இருபது மணி நேரம் பறந்துவந்து இறங்கிய இடத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம். வருகைக்கான வேண்டுகோளைத் தானாகத் திரும்பப் பெற அனுமதித்தால் அது அதிகாரி காட்டும் கருணை. உடனடி வெளியேற்ற ஆணை பிறப்பித்தால் ஐந்து வருடத் தடை. புதிய விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் பொதுவாகத் தம் குடியுரிமை நாட்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மற்றொரு பிள்ளையோடு மஸ்கட்டில் இருக்கும் இந்தியப் பெற்றோர் அங்கிருந்தே முடித்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, மூன்றாவது படிகள் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் வந்து, 1997 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளவை. சட்டவிரோதமாகத் தங்கிய காலம் 180 நாளைத் தாண்டி, ஒரு வருடத்துக்குள் தாமாகவே வெளியேறினால், வெளியேறிய நாளிலிருந்து மூன்று வருடம் திரும்ப வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கிவிட்டு வெளியேறினால் பத்து வருடம். எழுபது வயதுத் தாய்க்குப் பத்து வருடத் தடை என்றால் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன செப்டம்பர் 9ஐயே எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 10 முதல் நாள். அந்த மாதத்தில் 21, அக்டோபரோடு 52, நவம்பரோடு 82, டிசம்பரோடு 113, ஜனவரியோடு 144, பிப்ரவரி 28ஓடு 172. மார்ச் 8 அன்று 180 நிறைகிறது. மார்ச் 9 அன்றும் இங்கேயே இருந்தால் மூன்று வருடத் தடைக்குள் வந்துவிட்டார்கள். "180 நாள்வரை சலுகை உண்டு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் இதைத் திரித்துச் சொல்வது. சலுகை எதுவும் இல்லை. விசா முதல் நாளே போய்விட்டது. 180 என்பது அடுத்த தண்டனை தொடங்கும் எல்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வரும் தமிழ்ப் பெற்றோருக்கு விதி இன்னும் கடுமை. விசா இல்லாமல், எஸ்டா என்ற இணையவழி முன் அனுமதி மூலம் வந்தால் 90 நாள்தான். அதை நீட்டிக்க வழக்கமான விண்ணப்பமே கிடையாது. தாண்டிவிட்டால் பிறகு எஸ்டா வசதி போய்விடும். ஒவ்வொரு முறையும் தூதரகத்தில் விசா வாங்கித்தான் வர வேண்டும்.

கனடா போய் வந்தால் புதுக் கணக்கா?

இல்லை. ஐ-94 தேதி நெருங்கும்போது நயாகராவின் மறுகரைக்கு ஒரு வார இறுதி போய்விட்டு வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்ற யோசனை பல வருடங்களாகப் புழங்குகிறது. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாளுக்குள் போய்த் திரும்புபவரைப் பழைய ஐ-94இன் மீதிக் காலத்துக்கே அனுமதிப்பது வழக்கம். புதிய தேதி தருவது அதிகாரியின் விருப்பம். அவர் நோக்கத்தைச் சந்தேகித்தால் உள்ளே விடாமலும் இருக்கலாம், அப்போது பெற்றோரின் பெட்டிகளெல்லாம் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம்.

எக்ஸ்டென்ஷன்: ஐ-539

நியாயமான காரணம் இருந்தால் நேர்வழி ஐ-539 விண்ணப்பம். குடியேற்ற விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் ஐ-94 தேதிக்கு முன் போய்ச் சேர வேண்டும். குறைந்தது 45 நாள் முன்னதாக அனுப்பச் சொல்கிறார்கள். 2024 ஏப்ரல் முதல் கட்டணம் இணையத்தில் 420 டாலர், காகிதத்தில் 470 டாலர். அனுப்பும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், தவறான தொகையோடு போன உறை அப்படியே திரும்பி வரும், அதற்குள் தேதி முடிந்திருக்கும். அப்பாவின் விண்ணப்பத்தில் அம்மாவை ஐ-539ஏ படிவத்தின் மூலம் சேர்க்கலாம். கூடுதல் கட்டணத்தில் விரைவாக முடிக்கும் பிரீமியம் வசதி பி-2 என்ற சுற்றுலா வகை நீட்டிப்புக்கு இல்லை. முடிவு வரப் பல மாதங்கள் ஆகும்.

விண்ணப்பத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். ஏன் கூடுதலாகத் தங்க வேண்டும், அதுவரை செலவுக்கு யார் பணம், பிறகு திரும்பிப் போவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம். "பேரக்குழந்தையோடு இருக்க ஆசை" என்பது காரணமாக எடுபடுவது கடினம். மருத்துவக் காரணம் என்றால் மருத்துவரின் கடிதம்தான் உயிர்நாடி. "தற்போது பயணம் உகந்ததல்ல" என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் கடிதம் போதாது. என்ன நோய், என்று அறுவைசிகிச்சை நடந்தது, நீண்ட விமானப் பயணம் ஏன் கூடாது, எந்தத் தேதிக்குப் பிறகு பறக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கேட்கலாம் என்பதற்காக ஆறு மாதம் கேட்காதீர்கள்; எட்டு வாரத்தில் பறக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருக்க, விண்ணப்பத்தில் ஆறு மாதம் என்றிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். கேட்கும் தேதிக்கான திரும்பும் டிக்கெட், பிள்ளையின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, ஊரில் உள்ள வீட்டுப் பத்திரம், பென்ஷன் ஆணை எல்லாம் இணைக்கலாம். பாஸ்போர்ட் அந்தத் தேதிவரை செல்ல வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் கவனித்துவிட்டு இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ஓடும் குடும்பங்கள் உண்டு.

விண்ணப்பம் உரிய நேரத்தில் போய்விட்டால், ஐ-94 தேதி கடந்த பிறகும் முடிவு வரும்வரை சட்டவிரோத நாள்கள் கூடாது. ஆனால் இது ஊன்றுகோல் மட்டுமே. நிராகரிப்பு வந்த மறுநாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கும். விசாவும் செல்லாததாகக் கருதப்படலாம். 2025 பிப்ரவரி 28இல் யுஎஸ்சிஐஎஸ் வெளியிட்ட கொள்கைக் குறிப்புக்குப் பிறகு இதில் இன்னொரு கூர்மை சேர்ந்திருக்கிறது: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அப்போது சட்டப்படியான ஸ்டேட்டஸும் இல்லாதவர்களுக்குக் குடியேற்ற நீதிமன்ற அழைப்பாணை அனுப்பலாம். அழைப்பாணையைக் கண்டுகொள்ளாமல் விட்டால், ஆள் இல்லாமலே வெளியேற்ற ஆணை பிறக்கும். ஊருக்குப் போய்விட்டவர்களும் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

எனவே விண்ணப்பித்துவிட்டு, கேட்ட தேதிக்கு முன்பே, முடிவுக்குக் காத்திராமல் கிளம்பிவிடுவதே பெரும்பாலும் பாதுகாப்பு. விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான ஐ-797சி ரசீதையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்து, அடுத்த விசா நேர்காணலுக்கோ வருகைக்கோ அப்பா அம்மா கையில் கொடுத்தனுப்புங்கள். கேட்ட தேதி வந்தும் முடிவு வரவில்லை, இன்னும் இருந்தாக வேண்டும் என்றால் அந்தத் தேதிக்கு முன் இரண்டாவது ஐ-539 போட வேண்டும். முதலாவது நிராகரிக்கப்பட்டால் இரண்டாவதும் கூடவே சாயும்.

தேதி தாண்டிய பிறகு விண்ணப்பித்தால்? பொதுவாக ஏற்க மாட்டார்கள். தாமதம் நம் கைமீறிய அசாதாரண காரணத்தால் நேர்ந்தது, அந்தக் காரணத்துக்கு ஏற்ற அளவில்தான் தாமதம், வேறு விதிமீறல் இல்லை, நீதிமன்ற நடவடிக்கையும் இல்லை என்று காட்ட முடிந்தால் மன்னிக்க விதியில் இடமுண்டு. ஐ-94 முடியும் வாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார் என்பது அப்படியான காரணம். தேதியைக் கவனிக்கவில்லை என்பது அல்ல.

பிள்ளை குடிமகனா, எச்-1பியா?

ஓவர்ஸ்டேயின் விளைவைத் தலைகீழாக மாற்றும் கேள்வி இது. இருபத்தொரு வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனின் பெற்றோருக்குச் சட்டம் தனி இடம் தருகிறது. முறைப்படி அதிகாரியால் அனுமதிக்கப்பட்டு உள்ளே வந்திருந்தால், இடையில் ஓவர்ஸ்டே ஆனாலும் இங்கிருந்தபடியே ஐ-130 (பிள்ளை போடும் உறவு மனு), ஐ-485 (பெற்றோர் போடும் கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டு கிரீன் கார்டு கேட்கலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரும் பெற்றோரை ஸ்பான்சர் செய்யவே முடியாது. இந்தியர்களுக்கான வேலைவழிக் கிரீன் கார்டு வரிசையின் நீளம் ஊரறிந்தது. அதற்குப் பிறகு குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து வருடம். "எங்களுக்கு கிரீன் கார்டு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெற்றோரை நிறுத்திவைப்பது அவர்களுக்குப் பத்து வருடத் தடையைச் சேமித்துத் தருவதுதான்.

குடிமக்களின் பெற்றோருக்கும் இதில் ஒரு பொறி இருக்கிறது. இதை அறியாமல் மாட்டுபவர்களே அதிகம் வருந்துகிறார்கள். 180 நாளைத் தாண்டிய பெற்றோர், "சரி, ஊருக்குப் போய் முறைப்படி தூதரகம் வழியாகவே வருவோம்" என்று நல்லெண்ணத்தோடு கிளம்புவார்கள். தடை அந்தக் கணத்தில்தான் விழுகிறது, ஏனெனில் அது தங்கியதால் அல்ல, தங்கிவிட்டு வெளியேறுவதால் வருவது. அதை விலக்கக் கோரும் மனுவில், கணவரோ மனைவியோ பெற்றோரோ அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்து, அவருக்குப் பெருந்துன்பம் நேரும் என்று காட்ட வேண்டும். பிள்ளைக்கு நேரும் துன்பம் அந்தப் பட்டியலில் இல்லை. மகன் குடிமகன், டாக்டர், வரி கட்டுகிறார் என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஆகவே, 180க்குள் இருப்பவருக்கு "உடனே கிளம்புங்கள்" என்பது பெரும்பாலும் சரியான ஆலோசனை; 180ஐத் தாண்டிய, குடிமகன் பிள்ளையுள்ள பெற்றோருக்கு அதே ஆலோசனை கேடாக முடியலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

ஐ-485 போட்டபின் முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஊரில் துக்கச் செய்தி வந்து அன்றிரவே விமானம் ஏறிய பெற்றோருக்கு இப்படி நேர்வதுண்டு. கிரீன் கார்டு போடும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா என்று சொல்லி வருவதும் தனிக் குற்றச்சாட்டாகும். வந்து 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

பெற்றோரின் ஓவர்ஸ்டேயால் பிள்ளையின் எச்-1பி ரத்தாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது, அவரவர் ஸ்டேட்டஸ் அவரவருக்கு. பெற்றோரின் விசாவுக்காகப் பிள்ளை எழுதித் தந்த அழைப்புக் கடிதமும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உத்தரவாதம் அல்ல.

பணத்தில் கைவைப்பது மருத்துவம். விசிட்டர் காப்பீட்டை ஐ-94 தேதியோடு முடியும்படி வாங்கியிருப்பார்கள். தங்குவது நீண்டபோது அதை நீட்டிக்க மறந்துவிடுவார்கள். பல பாலிசிகள் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குத் தருவது திடீர்த் தீவிரமாகும் நிலைக்கு மட்டும். எழுபது, எண்பது வயதைக் கடக்கும்போது உச்சவரம்பு குறையும். அவசரப் பிரிவு யாரையும் ஸ்டேட்டஸ் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986ஆம் ஆண்டின் எம்டாலா சட்டம் சொல்கிறது. பில்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஓவர்ஸ்டே ஆகாமலே அடிக்கடி ஐந்தரை மாதம் தங்கிப் போகிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வருடத்துக்கு இத்தனை நாள்தான் என்று சட்டத்தில் எண் இல்லை. ஆனால் ஆறு மாதம் இங்கே, மூன்று மாதம் ஊரில், மறுபடி ஆறு மாதம் இங்கே என்ற வரலாறு திரையில் தெரிந்தால், இவர் விருந்தாளியா இங்கேயே வாழ்பவரா என்ற கேள்வி அதிகாரிக்கு வரும். "குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று அம்மா வெள்ளந்தியாகச் சொல்வதைப் பராமரிப்பு வேலை என்று அவர் எடுத்துக்கொள்ளவும் கூடும். பேரனைப் பார்க்க வந்தேன் என்பதே உண்மையும் போதுமான பதிலும்.

ஏற்கெனவே தாமதமாகிவிட்டுப் போனவர்கள் அடுத்த விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 விண்ணப்பப் படிவத்தில், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதுண்டா என்று நேரடியாகவே கேட்டிருக்கும். ஏஜென்ட் "இல்லை" என்று தட்டிவிடுவார், பெற்றோர் பார்க்காமல் கையெழுத்திடுவார்கள். பத்து நாள் ஓவர்ஸ்டேக்கு வருடத் தடை எதுவும் இல்லை. மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாளோ விமான நிறுவனத்தின் ரத்துக் கடிதமோ காட்டிப் பேசிப் பார்க்க இடமுண்டு. தெரிந்தே சொன்ன பொய் என்று அதிகாரி முடிவுசெய்தால் அந்தத் தடைக்குக் காலவரையறையே கிடையாது.